மின்வண்டியும் பின்சக்கரமும்

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"என்ன வேலை பாக்க?" என்று விக்கிரமசிங்கபுரத்தில் கேட்பவர்களிடம், வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பர் வேலை என்பேன். "அத மெக்கானிக்குல்லா பாக்கணும்" என்பார்கள்.

மில் ஷிப்டுக்குப் போன நம் அப்பாக்களின் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் சீட்டுக்கு அடியில் மட்டும். ஆள் ஸ்பிரிங்குக்கு மேலே. சக்கரம், பிரேம், கேரியர் சாமான் எல்லாம் கீழே. கல் தட்டினால் மொத்த சைக்கிளும் துள்ளும். மோட்டார் சைக்கிளில் சக்கரமும் அதைத் தாங்கும் சுவிங் ஆர்மும் ஆடும், மற்றதெல்லாம் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும். கீழே எடை குறைந்தால் சக்கரம் மேடு பள்ளத்தை ஒட்டியே ஓடும். கூடினால், மேட்டில் எகிறிய சக்கரம் தரைக்குத் திரும்பத் தாமதிக்கும். அந்த நேரம் பிரேக் போட்டால் பிடிக்காது. இடுப்பு வலியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அப்படியானால் மின்வண்டியில் மோட்டாரை எங்கே வைப்பது? 2020-ல் வந்த டி.வி.எஸ். ஐக்யூப் பின்சக்கரத்துக்குள்ளேயே வைத்தது. செயின் இல்லை, பெல்ட் இல்லை, பராமரிப்புச் செலவு குறைவு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் தொடங்கிய ஏத்தர், தன் 450 வண்டியில் மோட்டாரை நடுவில் வைத்துப் பெல்ட்டால் சக்கரத்தைச் சுற்றுகிறது. இரண்டுக்கும் ஓசூரில்தான் தொழிற்சாலை. நல்ல தார் ரோட்டில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வாய்க்கால் கரையில் வாழைத்தார் ஏற்றிப் போகிறவர் என்னைக் கேட்டால், மோட்டார் நடுவில் இருக்கும் வண்டியைத்தான் சொல்வேன்.

மலைப்பாதைக்கென்றே செய்த மின் சைக்கிள்களில் பெரும்பாலும் மோட்டார் பெடல் அச்சில், பேட்டரி பிரேமின் கீழ்க்குழாயில். எடைப் பிரச்சினை தீர்ந்தது. செயின் பிரச்சினை வந்தது. மேடேறும்போது பாரம் பின்னால் சாய்ந்து பின்பக்கம் அமுங்கப் பார்க்கும். சுவிங் ஆர்மின் கீலைச் சரியான உயரத்தில் வைத்தால், செயினின் இழுப்பே அதை நிமிர்த்திப் பிடிக்கும். ரொம்ப நிமிர்த்தினாலோ ஸ்பிரிங் இறுகிப் போகும், கல்லில் ஏறும்போது பெடல் காலைப் பின்னுக்கு உதைக்கும். காலோடு மோட்டாரும் சேர்ந்து இழுப்பதால் இங்கே எல்லாமே ஒரு படி கூடுதல். அந்தக் கீல் ஒரு சென்டிமீட்டர் மேலேயா கீழேயா என்பதற்கு நாங்கள் போடும் சண்டை கொஞ்சநஞ்சமல்ல!

தம்பிகளா, மலை சைக்கிள் வைத்திருந்தால், நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பின் ஷாக் தன் மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து 30 சதவீதம் வரை அமுங்குகிறதா என்று அளந்து பாருங்கள். ஸ்கூட்டர், பைக் பலவற்றிலும் ஸ்பிரிங்குக்கு அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் உண்டு. அம்மாவைப் பின்னால் ஏற்றிப் போகும் நாளில் அதை ஒன்றிரண்டு படி ஏற்ற வேண்டும். வாங்கிய நாள் முதல் அதைத் தொடாதவர்கள்தான் அதிகம். சாப்பாடு முடியும்வரை சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் இருப்பேன். வண்டியைக் கொண்டு வாருங்கள், ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது.