காட்டுத் தீ: சொல்லும் பொருளும்

காட்டுத் தீயை எதிர்ப்போர்க்குச் சொல்லும் ஒரு கருவியே. களத்திலிருந்து வரும் செய்தியில் ஒரு சொல் பிறழ உணரப்படின், ஆட்கள் வேண்டிய இடத்தை விட்டு வேறிடம் செல்ல நேரும். உயிருக்கே இடர் விளையும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் 20க்கு மேற்பட்டோர் தீக்கு இரையானது மலைத் தீயின் கொடுமையை உணர்த்தியது.

தீ மூவகைப்படும். சருகு, புல், புதர் ஆகியவற்றைப் பற்றிப் பரவுவது தரைத் தீ. இந்தியாவில் பெரும்பான்மையானது இதுவே. உத்தராகண்ட மலைகளில் சீர் மரத்தின் ஊசியிலைகள் கோடையில் மெத்தைபோல் உதிர்ந்து கிடப்பது இதற்கு உணவாகிறது. மர உச்சிகளில் தாவிச் செல்வது முடித் தீ. மண்ணுள் மக்கிய பொருள்களிலும் வேர்களிலும் கனன்றுகொண்டிருப்பது நிலத்தடித் தீ. இது கண்ணுக்குப் புலப்படாமல் பல நாள் நீடிக்கலாம்.

தடுப்பு முறைகளிலும் தெளிவு தேவை. தீ தாண்டாதவாறு எரிபொருள் நீக்கப்பட்ட பட்டை, தீத்தடுப்புக் கோடு எனப்படும். தீக்காலத்திற்கு முன்பே சருகைத் திட்டமிட்டு எரித்தல் கட்டுப்பாட்டு எரிப்பு. பரவி வரும் தீயின் எதிரே வைத்து, அதன் உணவை அழிப்பது எதிர்த்தீ. முன்னது முன்னேற்பாடு, பின்னது பயிற்சி பெற்றோர் மட்டுமே கையாளத்தக்க போர்முறை. ‘தீ வளைக்கப்பட்டது’ என்றால் அதனைச் சுற்றிக் கோடு அமைந்துவிட்டது என்பதே பொருள். தீ அணைந்தது என்பதன்று. கங்குகளைத் தேடி அவித்த பின்னரே காவலை விலக்கலாம்.

இந்திய வன அளவாய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வாயிலாக அனுப்பும் எச்சரிக்கைகளின் எண்ணிக்கையும், தீ நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஒரு பெருந்தீ பல எச்சரிக்கைகளைத் தோற்றுவிக்கும். மேலும், மோடிஸ் கருவி ஏறத்தாழ 1 கிலோமீட்டர் அளவிலும், பின்னர் வந்த விர்ஸ் கருவி 375 மீட்டர் அளவிலும் நோக்குகின்றன. நுண்ணிய கருவி சிறு தீயையும் காட்டுமாதலால், இருவகைக் கணக்கையும் ஒப்பிட்டுத் தீ பெருகியது என முடிவு செய்தல் பிழையாகும்.

1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், காட்டில் உரிமை பெற்றோர் தீயைப் பற்றித் தெரிவிக்கவும் அணைக்க உதவவும் கடமைப்பட்டவர் என்கிறது. தீயை முதலிற் காண்பவர் பெரும்பாலும் சிற்றூர் மக்களே. ஆகவே இச்சொற்கள் அலுவலகக் கோப்பில் மட்டும் இருத்தல் போதாது. அவர்தம் நாவில் வழங்கும் மொழியில் அவர்களைச் சென்றடைதல் வேண்டும்.