எந்தத் தெரு என்று கேட்பார்கள்: நடிக்க வரும் தோழர்களுக்கு

(நடிப்புப் பயிற்சி பெறும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பெரிய நட்சத்திரம் கிடையாது. என் முகத்தைப் பார்த்தால் "இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்பீர்கள், பெயர் தெரியாது. ஆனால் 12 வருடமாக இந்தத் தொழிலில்தான் சாப்பிடுகிறேன். அந்த அனுபவத்தில் இருந்து பேசுகிறேன்.

என் முதல் ஆடிஷன் சாலிகிராமத்தில் ஓர் அலுவலகத்தில் நடந்தது. வசனம் பேசிக் காட்டினேன், பிடித்திருந்தது. மேலாளர் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" சொன்னேன். "எந்தத் தெரு?" இந்த மூன்றாவது கேள்வி எதற்கு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவைச் சொல்லாமல் பிள்ளையார் கோயில் தெரு என்றேன். வேடம் கிடைத்தது. இரண்டு நாள் வேலை. ஆனால் அந்தப் பதிலை இன்றுவரை என் அம்மாவிடம் சொல்ல முடியவில்லை.

மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோசி ஒரு தலித் பெண். காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். அதற்காகத் திரையரங்கில் கல் எறிந்தார்கள். அவருடைய குடிசையை எரித்தார்கள். உயிர் பிழைக்கத் தமிழ்நாட்டுக்கு வந்தவர், பிறகு நடிக்கவே இல்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று கல் எறிவதில்லை. எந்தத் தெரு என்று கேட்கிறார்கள்.

திறமை நம்மிடம் குறைவாக இல்லை. குறைவாக இருப்பது காத்திருக்கும் வசதி. அப்பாவுக்குச் சொந்த வீடும் மாமாவுக்கு சினிமாத் தொடர்பும் உள்ளவர் பத்து வருடம் காத்திருக்கலாம். முதல் தலைமுறையாக வருகிற நாம் பத்து மாதத்தில் ஊருக்குத் திரும்பி விடுகிறோம். அதைப் பார்த்து "இவனுக்கு நடிப்பு வரல" என்று ஊரும் சொல்கிறது, நாமும் நம்பிவிடுகிறோம். அதனால் நான் சொல்லப்போகும் எல்லாமே தாக்குப்பிடிப்பதைப் பற்றியதுதான்.

முதலில் வாடகை. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வராதீர்கள், வேலையோடு வாருங்கள். பகலில் இரண்டு மணி நேரம் வெளியே போய்வர முடிகிற வேலையாகப் பாருங்கள். இரவுப் பணி, டியூஷன், டெலிவரி எதுவானாலும் சரி. நாலு பேர் சேர்ந்து அறை எடுங்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்கராக வேலை பார்த்தவர். 2006இல் 'புதுப்பேட்டை'யில் சின்ன வேடம். கதாநாயகனாக 'தென்மேற்குப் பருவக்காற்று' வந்தது 2010இல். இடையில் அவரைக் காப்பாற்றியது சம்பளமும்தான். வேறு வேலை பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

இரண்டாவது, பயிற்சி. லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இடத்துக்குக் கடன் வாங்கிப் போகாதீர்கள். டெல்லி தேசிய நாடகப் பள்ளி, புனே திரைப்படக் கல்லூரி இரண்டும் ஒன்றிய அரசு நிறுவனங்கள், இடஒதுக்கீடு உண்டு. நாடகப் பள்ளியில் மாணவர்களுக்கு உதவித்தொகையும் தருகிறார்கள். பட்டப்படிப்பும் மேடை அனுபவமும் கேட்பார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கலாம். இடஒதுக்கீடு போராடிப் பெற்றது. விண்ணப்பிக்காமல் விட்டால் அதைக் கைவிட்டதாகத்தான் பொருள்.

அதற்கும் முன்பு, உங்கள் ஊர்க் கூத்தைக் கவனியுங்கள். 'பரியேறும் பெருமாள்' படத்தில் அப்பாவாக வந்த தங்கராஜ், திருநெல்வேலிப் பகுதியில் பெண் வேடமிட்டு ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். அந்த உடலைப் பயிற்சி நிலையத்தில் ஒரு வருடத்தில் உருவாக்கிவிட முடியுமா? பறை, ஒப்பாரி, கூத்து எல்லாம் நம் பயிற்சிக் கூடங்கள். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் வந்து பாராட்டு குவிந்த பிறகும் அவர் வறுமையில்தான் வாழ்ந்தார். கலையை வாழ்த்தினால் மட்டும் கலைஞர் வயிறு நிறையாது.

மூன்றாவது, ஆடிஷன். 50,000 ரூபாய்க்கு ஆல்பம் தேவையில்லை. ஒப்பனை இல்லாமல் நேர் முகம், பக்கவாட்டு முகம், முழு உருவம் என்று மூன்று படம் போதும். வீடியோ அனுப்பச் சொன்னால் போனைக் கிடைமட்டமாக வைத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி, வெறும் சுவருக்கு முன்னால் நில்லுங்கள். பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகளைக் கேமராவைப் பார்த்துச் சொல்லுங்கள். காட்சியில் எதிர்வசனத்தை ஒரு நண்பர் போனுக்குப் பக்கத்தில் நின்று படிக்கட்டும். அவரைப் பார்த்துப் பேசுங்கள். உங்கள் வட்டார வழக்கை மறைக்காதீர்கள். அதோடு இன்னும் இரண்டு வழக்குகளைக் கற்றுக்கொண்டால் டப்பிங் வேலையும் கிடைக்கும். வாய்ப்புக்கு யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும்.

நான்காவது, சம்பளம். எத்தனை நாள், எவ்வளவு தொகை, எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தம் தராவிட்டால், பேசியதை வாட்ஸ்அப்பிலாவது அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். பாக்கியை டப்பிங் பேசுவதற்கு முன் கேளுங்கள். குரல் கொடுக்கும்வரைதான் நம் கையில் பிடி இருக்கிறது.

ஐந்தாவது, மானம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். படப்பிடிப்புத் தளமும் வேலை செய்யும் இடம்தான். குழு இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். தனி அறைக்கு, இரவு நேரத்துக்கு ஆடிஷன் என்றால் தோழர் ஒருவரோடு போங்கள்; கூட வரக்கூடாது என்றால் அந்த ஆடிஷன் வேண்டாம். பலர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

கறுப்பாக இருந்தால் அடியாள், குடிசையில் இருந்தால் குடிகாரன். இப்படித்தான் வேடம் வரும். எல்லாவற்றையும் மறுங்கள் என்று மேடையில் நின்று சொல்வது எளிது. வாடகை பாக்கி இருக்கும்போது மறுக்க முடியாது. நானும் அடியாளாக நடித்திருக்கிறேன். ஆனால் ஒரு கோடு வைத்திருக்கிறேன். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு பெயர் கேட்பேன், அவன் ஏன் அப்படி ஆனான் என்று இயக்குநரிடம் கேட்பேன். நம் மக்களை இழிவுபடுத்திச் சிரிக்க வைப்பதற்காகவே எழுதிய வசனத்தைப் பேச மாட்டேன். இரண்டு படம் அதனால் போனது. அந்த மாதங்களில் அறைத் தோழர்கள்தான் சோறு போட்டார்கள். இந்தத் தொழிலில் தனியாக மானத்தோடு இருப்பது கஷ்டம். நாலு பேர் சேர்ந்தால் முடியும். அதனால் ஆடிஷன் தகவல் கிடைத்தால் அடுத்தவருக்கும் சொல்லுங்கள்.

போன வருடம் இன்னொரு அலுவலகத்தில் அதே கேள்வி வந்தது. எங்கள் தெருவின் பெயரைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சொல்லி அனுப்புறோம்" என்றார், சொல்லி அனுப்பவில்லை. கீழே டீக்கடையில் நின்றபோது எனக்கு வருத்தம் இருந்தது, பயம் இல்லை. அந்த மாத வாடகையை முன்பே கட்டியிருந்தேன்.