தாத்தாவோட மாத்திரை டப்பா

எங்க தாத்தா ஆரணியில குழித்தறியில பட்டு நெய்யுறவர். 76 வயசு. போன வருஷம் ஒரு காலையில தறிமேலேயே சாய்ஞ்சுட்டாரு. உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறுது. பக்கவாதம்னு ஆயா அழுதாங்க. ஆஸ்பத்திரியில சுகர் பார்த்தா 46. குளுக்கோஸ் ஏத்தினதும் தெளிஞ்சுட்டாரு. கிளம்பலாம்னா டாக்டர் விடல, மறுபடியும் இறங்கும்னாரு.

மாத்திரையை மாத்திப் போட்டுட்டாரோ? இல்ல. 15 வருஷமா அதே கிளிபென்கிளமைடு, அதே அளவு. மாறினது அவரோட கிட்னி. வயசாக ஆக வடிகட்டுற வேகம் குறையும், மருந்து உடம்புலயே தங்கிடும். ஆனா கிரியாட்டினின் ரிப்போர்ட் நார்மல்! அது தசையிலருந்து வர்றது. வயசானவங்களுக்குத் தசையே கம்மி. வயசையும் சேர்த்துக் கணக்குப் போடுற ஈஜிஎஃப்ஆர்தான் பார்க்கணுமாம். முதியோருக்கு ஆகாத மருந்துகள்னு அமெரிக்காவுல மார்க் பியர்ஸ் 1991-ல தொடங்கின பட்டியல்ல, பின்னாடி இந்த மாத்திரையும் சேர்ந்துடுச்சு.

வீட்டுக்கு வந்து டப்பாவைக் கொட்டினேன். முட்டிவலிக்கு, சீட்டு இல்லாம வாங்கின டைக்ளோஃபெனாக், அட்டை அட்டையா. பிரஷர் மாத்திரையோட இது சேர்ந்தா கிட்னிக்கு இன்னும் பாரம். டாக்டர்கிட்ட சொல்லவே இல்ல. “அது வலிக்குத்தானே கண்ணு, மாத்திரையில சேர்த்தியா?”ங்கிறாரு. (இதைக் கேட்டுட்டு யாரும் நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, ப்ளீஸ். டப்பாவோட டாக்டர்கிட்ட போங்க.)

டாக்டர் சுகர் மாத்திரையை மாத்தினாரு, வலி மாத்திரையை நிறுத்தினாரு. இப்போ நான் ஊருக்குப் போறப்பல்லாம், தாத்தா தறியிலருந்தே முட்டியைத் தட்டிக் காட்டுறாரு: “சரி, இதுக்கு என்னடா பண்றது?”