நாகம்மாள் கேட்ட பங்கு
(கோவையில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு நாவல். "புராணப் புளுகுகளைக் கண்டிக்கவே நேரம் போதவில்லை, நாவலைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்த நாவலில் வானத்திலிருந்து பூமாரி பொழிவதில்லை. கஷ்டப்பட்டவளைக் காப்பாற்ற எந்தச் சாமியும் ரிஷப வாகனத்தில் வருவதில்லை. தாலியறுத்த ஒரு பெண், செத்துப்போன தன் புருஷனுடைய பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். கதை அவ்வளவுதான்.

அதுதான் ஆர். சண்முகசுந்தரம் எழுதி 1942-ல் வெளிவந்த "நாகம்மாள்". தாராபுரத்துப் பக்கம் கீரனூரைச் சேர்ந்த அவர், நமது கொங்கு நாட்டுக் குடியானவர்களை அவர்கள் பேசுகிறபடியே பேச வைத்தார். நாகம்மாளுக்கு ஒரு பெண் குழந்தை. அவள் கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி இவர்களோடு ஒரே குடும்பமாக இருக்கிறாள். சின்னப்பன் கெட்டவனல்ல, உழைப்பாளி. ராமாயியும் நல்லவளே. ஆனால், இருப்பதை விற்றுவிட்டு மாமியார் ஊருக்கே போய்விடலாம் என்ற யோசனை அந்த வீட்டில் எழும்போது, நாகம்மாளுக்கு நெஞ்சு பதறுகிறது. "நானும் என் குழந்தையும் எங்கே போவது?" என்ற கேள்வி பிறக்கிறது.

பிழைத்திருப்பவள் யார்?

தோழர்களே! இந்தக் கேள்விக்கு அன்றைய இந்து சட்டம் என்ன பதில் சொல்லிற்று தெரியுமா? பாகம் பிரியாத குடும்பத்தில் அண்ணன் செத்தால், அவனுக்கு ஆண் பிள்ளை இல்லாதபோது, அவன் பங்கு பிழைத்திருக்கும் தம்பிக்குச் சேரும் என்றது. அப்படியானால் பெண்டாட்டி பிழைத்திருக்கவில்லையா? மூச்சு விடவில்லையா? களை வெட்டவில்லையா? சாணி அள்ளவில்லையா? அவள் கணக்கில் இல்லை! அவளுக்கு ஜீவனாம்சம், அதாவது சோறும் சீலையும் மாத்திரம்தான்.

1937-ல் விதவைக்குப் புருஷன் பங்கு உண்டென்று ஒரு சட்டம் வந்தது. அதுவும் ஆயுள் மட்டும் அனுபவிக்கும் பாத்தியந்தான். அதற்கும் 1941-ல் இடி விழுந்தது. மாகாணங்களிலுள்ள விவசாய நிலத்துக்கு இச்சட்டம் செல்லாது என்று பெடரல் கோர்ட்டு சொல்லிவிட்டது. கோயமுத்தூரில் வீடு வைத்திருந்தவன் விதவைக்குப் பங்கு உண்டு. காடு தோட்டம் வைத்திருந்தவன் விதவைக்கு இல்லை! சென்னை மாகாணத்தில் விவசாய நிலத்துக்கும் அது 1947-ல்தான் விரிக்கப்பட்டது. ஆகவே, நாவல் வெளிவந்த 1942-ல் ஒரு நாகம்மாள் கோர்ட்டுக்குப் போயிருந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பாள்.

நம்பிக்கை யாருக்கு லாபம்?

இப்படிப்பட்ட பெண்களுக்கு நமது பெரியவர்கள் கொடுத்த மருந்து என்ன? "எல்லாம் தலைவிதி; முன் ஜென்மப் பாவம்; சாமியை நம்பிப் பொறுத்துக்கொள்" என்பதே. நான் கேட்கிறேன்: நிலம் கைமாறும்போது எந்த ஆண்பிள்ளையாவது விதியை நம்பிச் சும்மா இருந்ததுண்டா? ஒரு முழ வரப்புக்காக வக்கீல் வீட்டுக்கு நடக்கிறானே! தனக்குப் பத்திரம், பெண்ணுக்கு விதி என்றால், இந்த நம்பிக்கையால் யாருக்கு லாபம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தைரியம் போன வழி

நாகம்மாள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. விதவைக்கு ஊர் வகுத்த மூலையில் அவள் உட்காரவில்லை. ஆனால் அவளுக்குத் துணை நின்றது யார்? சட்டம் இல்லை, உற்றார் இல்லை. ஊர்ப் போக்கிரியான கெட்டியப்பன்தான் துணைக்கு வருகிறான். அவனுக்கும், அவனைச் சேர்ந்தவர்களுக்கும் அவரவர் கணக்கு உண்டு. முடிவில், கெட்டியப்பன் கையால் சின்னப்பன் உயிர் போகிறது.

"பார்த்தீர்களா, பொம்பளை துணிந்தால் குடி கெடும்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அது தப்பான வாசிப்பு என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். கொலையை நான் நியாயப்படுத்த வரவில்லை. சின்னப்பன் சாக வேண்டியவனல்ல. ஆனால் அவள் கேட்ட பங்குக்கு ஊரில் ஒரு நேர்வழி இருந்திருந்தால், அவள் கெட்டியப்பன் தடியை நம்பியிருப்பாளா? நியாயத்துக்கு வாசலை அடைத்துவிட்டு, சுவரேறிக் குதித்தாள் என்று குற்றம் சொல்லுவது என்ன யோக்கியதை?

இன்று நமது வேலை

பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானம் செய்தபோது சிரித்தவர்கள் பலர். பின்பு 1956-ல் சட்டம் வந்தது. விதவையின் ஆயுள் பாத்தியம் முழு பாத்தியமாயிற்று. 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் நாடு முழுவதிலும் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனோடு சமபங்கு ஏற்பட்டது.

ஆனால் இன்றும் நடப்பதென்ன? "சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, அண்ணன் தம்பிக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு கண்ணு" என்று கொஞ்சி, பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்குவதில்லையா? மறுத்தால் பிறந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லுவதில்லையா? நாகம்மாளைச் சட்டம் ஏமாற்றிற்று. அவள் பேத்தியைப் பாசத்தின் பேரால் ஏமாற்றுகிறோம்.

ஆதலால் தாய்மார்களே! நாகம்மாளைப் படியுங்கள். படித்துவிட்டு அழ வேண்டாம். உங்கள் பேரில் என்ன நிலம் இருக்கிறது, நீட்டுகிற காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். வாசித்துப் பாராமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆண் தோழர்களே! உங்கள் அக்காள் தங்கை கேட்கும் முன்பே பங்கைப் பிரித்துக் கொடுங்கள். அப்படிச் செய்தால் எந்த வீட்டிலும் கெட்டியப்பனுக்கு வேலை இராது.