தடுத்தவர், தடுக்கக் கற்றுக்கொடுத்தவர்

இன்று பட்டம் பெறும் உடற்கல்வி மாணவ மாணவியரே!

விசிலும் பந்துமாக மைதானத்தில் இறங்கப்போகிற உங்களிடம் ஒரு பயிற்சியாளரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் ஃபெரென்ட்ஸ் பிளாட்கோ. 1898-ல் புடாபெஸ்டில் பிறந்தவர்; 1923-ல் பார்சிலோனாவின் கோல்கீப்பர் ஆனவர்.

1928 மே 20. ஸ்பெயினின் சாந்தாந்தேர் நகரில், ரியால் சோசியடாட் அணியுடன் கோப்பை இறுதியாட்டம். எதிரணி வீரர் கோலடிக்கப் போன நொடியில் பிளாட்கோ அவர் காலடியிலேயே பாய்ந்து விழுந்தார். பந்து தடுக்கப்பட்டது, தலையில் பலத்த காயம். மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அன்று இல்லை. தையல் போட்டு, தலைக்கட்டோடு திரும்பி வந்து கோலில் நின்றார். ஆட்டம் 1-1 என முடிந்தது. இரண்டு மறு ஆட்டங்களுக்குப் பிறகு கோப்பை பார்சிலோனாவுக்குக் கிடைத்தது. அன்று அரங்கில் இருந்த கவிஞர் ரஃபாயேல் ஆல்பெர்த்தி பிளாட்கோவைப் பாடிக் கவிதை எழுதினார்.

உலகம் அந்த ஒரு நாளுக்காக அவரைக் கொண்டாடுகிறது. நான் வணங்குவது அதற்குப் பிந்தைய உழைப்பை. 1939-ல் சிலி நாட்டின் கொலோ-கொலோ அணி அவரிடம் பயிற்சி பெற்றுச் சாம்பியன் ஆனது. அடுத்த ஆண்டு அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டுக்குப் போனார். அங்கே அவருடைய முறை எடுபடவில்லை. மனம் தளராமல் சிலி திரும்பினார். நடுக்களத்திலிருந்து ஒருவரைப் பின்னுக்கு இறக்கி, எதிரணியின் முன்கள வீரரை விடாமல் தொடரச் செய்தார். அந்த ஆட்டக்காரருக்கு ‘போலீஸ்’ என்றே அங்கே பெயர் விழுந்தது. 1941-ல் கொலோ-கொலோ ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது.

சாந்தாந்தேரில் தன் தலையைக் கொடுத்துத் தடுத்த கோலை, சிலியில் பதினொரு பேரும் சேர்ந்து தடுக்கக் கற்றுக்கொடுத்தார். கல்விக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இளைஞர்களே, நீங்கள் போகிற பள்ளியில் ஓடத் தெரியாது என்று கோலில் நிறுத்தப்பட்ட பிள்ளை ஒன்று இருக்கும். முதலில் அந்தப் பிள்ளையிடம் போங்கள். கையை ஊன்றாமல் பக்கவாட்டில் விழப் பழக்குங்கள். பந்தை நெஞ்சோடு அணைக்கச் சொல்லிக்கொடுங்கள். பின்னாலிருந்து ஆட்டம் முழுவதையும் பார்ப்பது கோல்கீப்பர்தான். ‘குரல் கொடு, உன் அணியை நடத்து’ என்று தைரியம் சொல்லுங்கள். நீங்கள் பெற்ற வித்தை உங்களோடு நிற்காமல் பரவட்டும். வாழ்த்துகள்!