ராஜா கேட்ட வாக்கெடுப்பு



சென்னை சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரில் ஒரு மாணவர் விடுதி இருக்கிறது. நம்மில் பலர் அந்த வாசலைக் கடந்து கல்லூரிக்குப் போனவர்கள்தான். எம் என்றால் மயிலை, சி என்றால் சின்னத்தம்பி என்று அப்போது நமக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. சோறு எப்படி இருக்கிறது, தண்ணீர் வருகிறதா என்பதே நம் கவலை. இந்த நினைவுச் சொற்பொழிவில் அந்த மனிதரின் சட்டமன்ற வாழ்க்கையைப் பேசலாம் என்று முடிவு செய்ததற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம்.

1883இல் பரங்கிமலையில் பிறந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தார், பாடநூல்கள் எழுதினார். ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளராகப் பொதுவாழ்வுக்கு வந்தார். 1920இல் மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தப்படி அமைந்த சென்னை சட்டசபைக்கு நியமன உறுப்பினராகச் சென்றார். அந்தச் சபையில் அமர்ந்த முதல் தலித் அவர்தான். தேர்தலில் வென்றவர்கள் 98 பேர் இருந்த அவையில், ஒடுக்கப்பட்ட சாதிகளின் பெயரால் ஒரு சிலரை ஆளுநர் நியமித்தார். சொத்தும் வரியும் பார்த்து வாக்குரிமை தந்த காலம் அது. வாக்காளர் பட்டியலிலேயே இல்லாத மக்களுக்காக அவர்கள் பேச வேண்டியிருந்தது.

அவர் அங்கே செய்த முதல் பெரிய காரியம் ஒரு பெயரைப் பற்றியது. 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, தமிழ் மாவட்டங்களில் 'ஆதிதிராவிடர்' என்றும் தெலுங்கு மாவட்டங்களில் 'ஆதிஆந்திரர்' என்றும் வழங்க வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த தீர்மானம். 1922 ஜனவரியில் நிறைவேறி, மார்ச் மாதத்தில் அரசாணையாயிற்று. இந்தப் பெயரை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த விவாதம் நியாயமானதுதான். ஆனால் நம்மை இப்படி அழைக்காதே, இப்படி அழை என்று அரசாங்கத்துக்கு ஒரு தலித் உறுப்பினர் சபையில் நின்று சொன்னார், அரசாங்கம் தன் பதிவேடுகளைத் திருத்தியது. நம் சாதிச் சான்றிதழில் உள்ள சொல்லுக்குப் பின்னால் அந்த நாள் இருக்கிறது. இரண்டே ஆண்டுகளில், 1924இல், அதே சபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார். இவற்றைச் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ராஜா அப்போது நீதிக்கட்சிக்காரர். அக்கட்சி தொடங்கிய காலத்திலிருந்தே உடனிருந்தவர். 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தமும் அதையொட்டிப் புளியந்தோப்பில் நடந்த கலவரமும் அந்த உறவைப் பிளந்தன. குடிசைகள் எரிந்த பிறகும் கட்சித் தலைவர்கள் சேரிமக்கள் மீதே பழிபோட்டார்கள். பிராமணரல்லாதார் என்ற பெரிய குடையின்கீழ் மழை யார் தலையில் விழுகிறது என்பதை ராஜா அங்கே கண்டார். 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். 1927 முதல் பத்தாண்டுகள் டெல்லியில் மத்திய சட்டசபையில் இருந்தார்.

இனி, நமக்குச் சங்கடமான பகுதிக்கு வருவோம். நினைவுக்கூட்டங்களில் இதைத் தாண்டிக் குதித்துவிடுவது வழக்கம். நாம் அப்படிச் செய்யப் போவதில்லை.

வட்டமேசை மாநாட்டில் அண்ணலும் இரட்டைமலை சீனிவாசனும் தனித்தொகுதி கேட்டு நின்றபோது, முன்பு தனித்தொகுதியை ஆதரித்திருந்த ராஜா 1932இல் இந்து மகாசபையின் மூஞ்சேயோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒதுக்கீட்டு இடங்கள் இருக்கட்டும், வாக்களிப்பது கூட்டாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். அண்ணலின் கோரிக்கைக்கு எதிராக அது பயன்படுத்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் காந்தியாரின் உண்ணாவிரதமும் பூனா ஒப்பந்தமும் வந்தன. அதில் அண்ணலும் கையெழுத்திட்டார், சீனிவாசனும் கையெழுத்திட்டார், ராஜாவும் கையெழுத்திட்டார். ஆனால் மூவரின் கையெழுத்துக்கும் ஒரே பொருள் இல்லை. அண்ணல் கழுத்தில் கத்தி இருந்த நிலையில் போட்டார். ராஜா நம்பிப் போட்டார்.

அந்த நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க 1938க்குப் போக வேண்டும்.

பூனா ஒப்பந்தப்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நமக்கு 30 இடங்கள். 1937 தேர்தலில் அவற்றில் 26ஐக் காங்கிரஸ் வென்றது. ராஜா காங்கிரசுக்கு வெளியே இருந்து அந்த அவைக்கு வந்தார். இடையில் சில மாதங்கள் இடைக்கால அமைச்சரவையில் அமைச்சராகவும் இருந்தார். பிறகு ராஜாஜி ஆட்சி. 1938இல் ராஜா முயன்று, சமூக இழிவுகளை நீக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியது. கிணறு, சாலை, பொது இடங்கள் ஆகியவற்றில் நம்மைத் தடுப்பதற்கு எதிரான சட்டம் அது. அரசும் ஆதரித்தது. அடுத்து அவர் கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். அங்கேதான் கதவு சாத்தியது.

திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார் ராஜாஜி. மலபாருக்கு மட்டும் அரசே ஒரு சட்டம் கொண்டுவரும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பது அரசின் நிலை. ராஜா காந்தியாருக்குக் கடிதம் எழுதி முறையிட்டார். ராஜாஜியை நம்புங்கள் என்ற அறிவுரைதான் வந்தது. பூனாவில் யார் சொல்லை நம்பிக் கையெழுத்திட்டாரோ, அவரிடமிருந்தே.

ராஜா மசோதாவைத் திரும்பப் பெறவில்லை. தோற்கும் என்று தெரிந்தே வாக்கெடுப்புக்கு விட்டார். தோற்றது.

இந்த இடத்தில் மாணவர்கள் சற்று நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்த அவையில் நம்மவர் 30 பேர் இருந்தார்கள். நம்மவருக்காக ஒரு மசோதா வந்தது. 26 பேர் கட்சிக் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்களைத் துரோகிகள் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. சேரியின் வாக்கால் மட்டும் வென்றிருந்தால் அவர்கள் கை வேறு மாதிரி உயர்ந்திருக்கலாம். ஊரின் வாக்கும் கட்சியின் சீட்டும் இல்லாமல் அவர்கள் அங்கே வந்திருக்கவே முடியாது. கூட்டுத் தொகுதியில் இது நடக்கும் என்பதைத்தான் அண்ணல் 1932க்கு முன்பே சொன்னார். ராஜா அதை ஆறு ஆண்டுகள் கழித்து, தன் சொந்த மசோதாவின் தோல்வியில் கற்றார். நாம் அவரை அதற்காகக் கேலி செய்ய மாட்டோம். பதவியைக் காட்டி மசோதாவைச் சுருட்டிக்கொண்டு போகும் வழி திறந்தே இருந்தது. அவர் அதில் போகவில்லை.

மறு ஆண்டு 1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் நம் மக்கள் நுழைந்தார்கள். அதற்குப் பிறகு அரசு அவசரமாகச் சட்டப் பாதுகாப்பு தந்தது. பாடநூலில் இந்த நிகழ்ச்சி இருக்கிறது. முந்தைய ஆண்டின் வாக்கெடுப்பு இல்லை. மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது.

அதைப் பார்க்க ராஜா இல்லை. 1942 மார்ச் மாதம் கிரிப்ஸ் தூதுக்குழு டெல்லிக்கு வந்தபோது, ஒடுக்கப்பட்டோர் சார்பில் அவரைச் சந்திக்க இருவர் சேர்ந்து போனார்கள். ஒருவர் அண்ணல் அம்பேத்கர். இன்னொருவர் எம்.சி. ராஜா. பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிர் ஒப்பந்தங்களோடு நின்றவர்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ராஜா காலமானார்.

ஜெய்பீம்.