இயற்கை என்னும் பெயரும் சிறுநீரகத்தின் பாதுகாப்பும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தின் மருத்துவ விழிப்புணர்வு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது வீடுகளின் மருந்துப் பெட்டிகளில் கானோடெர்மா என்னும் காளானின் மாத்திரைகளும், அக்காளான் கலந்த காப்பித்தூளும் இடம்பிடித்து வருகின்றன. "இரத்தம் சுத்தமாகும், சர்க்கரை இறங்கும், கிட்னி பலப்படும், இயற்கைப் பொருள் என்பதால் பக்கவிளைவே கிடையாது" என்று கூறி இவை விற்கப்படுகின்றன. சங்கிலித் தொடர் விற்பனையில் இவற்றைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் நம் உறவினராகவோ நண்பராகவோ இருப்பதால், மறுத்துப் பேசவும் நமக்குத் தயக்கம் ஏற்படுகிறது. அந்தத் தயக்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, உண்மை நிலையை ஆராய்வோம்.

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் உடலுக்குத் தேவையானவற்றை நுண்குழாய்கள் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள, எஞ்சிய ஒன்றிரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. நாம் விழுங்கும் பல பொருட்களின் கழிவு இக்குழாய்களின் வழியேதான் செல்கிறது. எனவே நச்சுப்பொருள் ஏதேனும் இருப்பின் முதலில் அடிபடுபவற்றுள் இவையும் அடங்கும். சிறுநீரகமோ பெரும்பகுதி பழுதடையும் வரை வலியோ அறிகுறியோ காட்டாத உறுப்பாகும்.

இதற்குச் சான்றாக ஜப்பான் நாட்டில் நிகழ்ந்த ஒரு துயரத்தைக் குறிப்பிட வேண்டும். அங்கே அரிசியில் ஒருவகைச் சிவப்புப் பூஞ்சையை வளர்த்து, "பெனி கோஜி" என்ற பெயரில் உணவுக்கு நிறமூட்டப் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். கொபயாஷி என்னும் புகழ்பெற்ற மருந்து நிறுவனம் அதனை மாத்திரையாக்கி, கெட்ட கொழுப்பைக் குறைக்கும் என்று கூறி விற்றது. அதனை உட்கொண்ட சிலருக்குச் சிறுநீரகம் பழுதடைந்ததை 2024 ஜனவரியிலேயே மருத்துவர்கள் அந்நிறுவனத்திற்குத் தெரிவித்தனர். ஆயினும் பொதுமக்களுக்கு அறிவிப்பு வெளியானது மார்ச் 22 அன்றுதான். இடைப்பட்ட இரண்டு மாதங்களும் மக்கள் அதனை வாங்கி உண்டுகொண்டுதான் இருந்தனர். 500-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். உயிரிழப்புகளும் பதிவாயின.

நோயாளிகள் பலருக்கு நுண்குழாய்கள் பழுதடைந்து, உடலுக்குத் தேவையான சர்க்கரை, பாஸ்பேட், பொட்டாசியம் ஆகியன சிறுநீரோடு வெளியேறின. தொழிற்சாலையில் இருந்த பெனிசிலியம் வகை நீலப்பூஞ்சை ஒன்று உற்பத்தியின்போது கலந்து, பியூபெருலிக் அமிலம் என்னும் நச்சை உருவாக்கியிருந்தது ஆய்வில் தெரியவந்தது. எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது அதன் சிறுநீரகப் பாதிப்பு உறுதியாயிற்று. மூலப்பொருள் பழமையானது, நிறுவனம் பெயர்பெற்றது, நாடோ தரக்கட்டுப்பாட்டில் முன்னணியில் நிற்பது. இம்மூன்றும் இருந்தும் மக்களைக் காக்க இயலவில்லை என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

அது கலப்பினால் நேர்ந்த கேடு. கலப்பே இல்லாமலும் கேடு வரக்கூடும். ரஷ்யா போன்ற குளிர்நாடுகளில் பிர்ச் மரங்களின் மீது வளரும் சாகா என்னும் பூஞ்சையில் ஆக்சலேட் என்ற பொருள் மிகுதியாக உள்ளது. அளவு கூடும்போது அது கால்சியத்துடன் சேர்ந்து படிகங்களாகிச் சிறுநீரகக் குழாய்களை அடைத்துவிடுகிறது. கல்லீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 72 வயது ஜப்பானியப் பெண்மணி ஒருவர், நாள்தோறும் நான்கைந்து தேக்கரண்டி சாகாத் தூளை ஆறு மாதங்கள் உட்கொண்டார். இறுதியில் அவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. இச்செய்தி 2014-இல் மருத்துவ இதழில் வெளியானது. 2020-இல் கொரியாவிலிருந்தும் இத்தகைய பாதிப்பு பதிவாயிற்று.

அப்படியானால் நம்மிடையே விற்கப்படும் கானோடெர்மா எத்தகையது? அதுவும் சாகாவும் ஒன்றல்ல; சாகாவின் குற்றத்தை அதன்மீது சுமத்துவது நியாயமாகாது. எனினும், சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, சர்க்கரை, கொழுப்பு போன்ற இதயநோய்க் காரணிகளைக் குறைக்க அதனைப் பயன்படுத்துவதற்குச் சான்றுகள் துணைசெய்யவில்லை என்றே கூறியது. நம் நாட்டிலும் துணை உணவுப்பொருட்களின் உறைமீது "மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று" என்னும் பொருள்பட அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. உறை ஒன்று சொல்ல, விற்பவர் வேறொன்று சொல்வதை நாம் கவனிக்க வேண்டாமா?

சமையலில் உண்ணும் பட்டன் காளானையும் சிப்பிக் காளானையும் பற்றி நாம் இங்கே பேசவில்லை. காளானைச் செறிவூட்டி, மருந்துபோல் நாள்தோறும் மாதக்கணக்கில் உட்கொள்வதைப் பற்றியே பேசுகிறோம். ஆகவே, சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கல் உள்ளவர்களும், கிரியேட்டினின் உயர்ந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை உட்கொள்ள வேண்டாம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்கள், எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சொல்லப்படும் எப்பொருளையும் தாமாகத் தொட வேண்டாம். அவர்களுடைய மருந்துகள் அச்சக்தியை அடக்கிவைப்பதற்காகவே தரப்படுகின்றன.

ஏற்கெனவே உட்கொண்டு வருபவர்கள், மருத்துவரிடம் செல்லும்போது அந்த டப்பாவையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ளுங்கள். கால் வீக்கம், சிறுநீரில் நுரை, சிறுநீர் குறைதல், காரணமற்ற களைப்பு தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை நாடுங்கள். எக்காரணம் கொண்டும், மருத்துவர் தந்த சர்க்கரை மாத்திரையையும் கொதிப்பு மாத்திரையையும் விற்பவரின் சொல்கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

விற்பனையில் ஈடுபட்டுள்ள சகோதரர்களிடமும் ஒரு சொல். பிழைப்புக்கு வழிதேடுவதை நாம் குறைகூறவில்லை. ஆனால் உறையில் இல்லாத வாக்குறுதியை நோயாளியிடம் சொல்லாதீர்கள். சிறுநீரகம் செயலிழந்தவர் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைக்கப்பட வேண்டியுள்ளது. அதன் செலவும் வேதனையும் அக்குடும்பம் முழுவதையும் வாட்டும். நம் ஊரில் ஒரு குடும்பமேனும் அந்நிலையிலிருந்து காக்கப்படுமாயின், இந்த உரை பயனுடையதாகும்.